நாயென்ன மாடோ, வைக்கலிலை படுக்க?

போன கிழமை கார்த்திகா என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்தவள் அவள். சென்னைப் பெண். மொன்றியலுக்குப் படிக்க வந்தவள், படிப்பு முடிந்த பிறகும் நாய்களை விட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே நின்றுவிட்டாள். படத்தில் இருந்தவை நான் நெடுங்காலம் பார்த்த அதே காவல் நாய்க்கூடுகள்: மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் பண்டகசாலைகளுக்குப் பின்னால், கம்பி வேலிக்குள், வெட்டவெளியில் வரிசையாக நிற்கிற மரப்பெட்டிகள். ஆனால் உள்ளே வைக்கோலைக் காணவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பஞ்சு மெத்தை, அதன்மேல் கட்டம் போட்ட போர்வை. கீழே எழுதியிருந்தாள்: "ஆன்ட்டி, புது பெட் வந்துடுச்சு! க்யூட்டா இருக்குல்ல?"

அடுப்பை நிறுத்திவிட்டு உடனே அவளை அழைத்தேன்.

"ஆரடி உந்த வேலை பாத்தது?"

"ஐயோ ஆன்ட்டி, நான் இல்ல! புது மேனேஜர். நாயை வாடகைக்கு எடுக்க வர்றவங்க வைக்கோலப் பாத்து முகம் சுளிக்கிறாங்களாம். மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்குன்றாங்களாம். வெப்சைட்ல போட்டோவும் நல்லா வரலையாம்."

"படம் பிடிக்கிறதுக்கோ நாய் வைச்சிருக்கிறியள்?"

சிரித்தாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள். "சீரியஸாவே கேக்கறேன் ஆன்ட்டி. வைக்கோல்தான்னு நீங்க அடம் பிடிச்சீங்க, நானும் போட்டேன். ஆனா துணி போட்டா அப்படி என்னதான் ஆகிடும்?"

ஈரம் குடிக்கும், உறையும், நாய் சாகும் என்றேன். மேலாளரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றாள். மேலாளர் கேட்கப் போவதில்லை. எனக்குக் கோபம்கூட நீடிக்கவில்லை. இதே வார்த்தையை முன்பு ஒருமுறை ஒரு வயதான அம்மாவின் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டி வந்தது. அதற்குப் பிறகு எதையும் யாருக்கும் சொல்லித் திருத்தலாம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லாமல் போய்விட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் அந்த வேலைக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவள் நான். அங்கே ஆட்களைக் குறைத்தார்கள். பிறகு ஒரு தோழி சொன்னாள், காவல் நாய்களை வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றில் கூடு கழுவ ஆள் தேடுகிறார்களாம் என்று. போனேன். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்ட அண்ணை அதைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். "கனடாவுக்கு வந்து நாய்க்குப் படுக்கை விரிக்கப் போறியோ? ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை." நான் எல்லோருக்கும் சொன்னேன். கலியாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், அண்ணை பக்கத்தில் நிற்கும்போதே, "நாய் படாத பாடு படுறன் மாமி" என்பேன். அவர் பந்தியைப் பார்த்து நடந்துவிடுவார்.

முதல் இரண்டு குளிர்காலமும் பயத்திலேயே போயின. கடி வாங்கினேன். நாய்களுக்குப் பழக்கியிருந்த பிரெஞ்சுக் கட்டளைகளை மனுசரோடு பேசுகிற பிரெஞ்சுக்கு முன்னால் படித்தேன். கடைக்காரரிடம்கூட 'இரு', 'விடு', 'வா' என்ற மாதிரித்தான் கதைத்தேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது முசியே ரெமியைப் பற்றி. அவர்தான் எனக்கு மேலே இருந்தவர். பெரிய உடம்பு, சிறிய காது, பேச்சு மிகக் குறைவு. பேச்சு குறைந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. எந்தப் பெட்டியைப் பார்க்கப் போனாலும் வலக்கைக் கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொள்வார். வாயில் கையுறை இருந்தால் மனுசன் எப்படிக் கதைப்பார்? வெறுங்கையை முழங்கைவரை வைக்கோலுக்குள் விடுவார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பார். பிறகு கையை எடுத்து, விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்ப்பார். காய்ந்திருந்தால் அடுத்த பெட்டி. பிசுபிசுத்தால் தலையை என் பக்கம் ஆட்டுவார். முழுவதையும் வாரி வெளியே கொட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். மேல் படையை மட்டும் மாற்றி ஏய்க்கலாம் என்று நினைத்தால் அன்றைக்கு நமக்குச் சனி. விளக்கம் கேட்டால் விளக்க மாட்டார். என் கையைப் பிடித்து உள்ளே விடுவார். அவ்வளவுதான் பாடம்.

மொன்றியலில் நாயைக் கொல்வது கடுங்குளிர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. வெளியில் இருந்து பழகிய, அடர்ந்த மயிர் உள்ள நாய், காய்ந்த படுக்கையும் அளவான பெட்டியும் இருந்தால் எந்தக் குளிரையும் தாங்கும். குளிர்காலத்தின் நடுவே திடீரென்று சூடாகி, மழை பெய்து, மறுபடி உறைகிற நாள்கள் வரும் பாருங்கள், அவைதான் எமன். எல்லோரும் "அப்பாடா, குளிர் குறைஞ்சிட்டுது" என்று கோட்டைத் திறந்து விட்டுக்கொண்டு திரிகிற நாளில்தான் ரெமி பேய் பிடித்தவர் போலக் கூடு கூடாக ஓடுவார்.

வைக்கோல் தண்டு உள்ளே வெறும் குழாய். அதற்குள் காற்று நிற்கும். நாயின் உடம்புச் சூடு அந்தக் காற்றில் தங்கும். நனைந்த நாய் வந்து படுத்தாலும் தண்ணீர் தண்டின் மேலே வழுக்கிக் கீழே போய்விடும். நாய் தன் சூட்டிலேயே காய்ந்துவிடும். துணி அப்படியல்ல. நாயின் மூச்சையே குடிக்கும், காலில் ஒட்டி வரும் பனியைக் குடிக்கும், குடித்ததைத் திருப்பித் தராது. பிறகு குளிர் இறங்கினால் பலகையாகிவிடும். சாக்கும் அப்படித்தான், பஞ்சு மெத்தையும் அப்படித்தான்.

வைக்கோலிலும் எல்லாம் உதவாது. கோதுமை வைக்கோல் நல்லது. வாற்கோதுமையில் கூர் இருக்கும், நாயின் கண்ணிலும் காதிலும் ஏறும். மாடும் குதிரையும் தின்கிற காய்ந்த புல்லை வைக்கோல் என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது. அது ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். தேவதாரு மரச் சீவல் மணமாக இருக்கும், ஆனால் அந்த மணம் காவல் நாயின் மூக்கைக் கெடுக்கும். மொன்றியல் தீவுக்கு வெளியே ஒரு பண்ணையில்தான் நாங்கள் கட்டுகள் எடுப்போம். ரெமி ஒவ்வொரு கட்டின் நடுவிலும் கையைத் திணித்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்ற மாட்டார். பண்ணைக்காரர் வாசலில் நின்று, "இன்னும் ஆழமாக விட்டுப் பார் ரெமி, கன்று அந்தப் பக்கம்தான் கிடக்கும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் நான் சிரிப்பேன். ரெமி சிரித்ததில்லை.

கட்டைப் பிரித்து அப்படியே அடைக்கக் கூடாது. உதறிப் பொலபொலவென்று ஆக்கிப் பெட்டி நிறையப் போட வேண்டும். நாய்க்கு இடமே இல்லை என்று தோன்றுமளவுக்கு. நாய் உள்ளே போய், சுற்றிச் சுற்றி வந்து, மிதித்து, தனக்கு ஒரு குழி செய்துகொள்ளும். அந்தக் குழியைக் கலைத்துவிட்டு நாங்கள் அழகு பார்க்கக் கூடாது. பெட்டியும் பெரிதாக இருக்கக் கூடாது, பாவம் பார்த்துப் பெரிய பெட்டி கட்டினால் நாயின் சூடு அதை நிரப்பாது. இதெல்லாம் எனக்கு வேதம் போல ஆகிவிட்டது. எந்த வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் மாற்ற விட மாட்டேன். வாயாடி என்று பெயர் எடுத்தேன், எடுத்தால் என்ன?

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு தமிழரும் இருந்தார். ரவி என்று யாழ்ப்பாணத்துப் பொடியன். பொடியன் என்று நான் சொன்னாலும் தலையில் பாதி நரை. சென்ட் லோரன்டிலேயே லொறி உதிரிப்பாகங்கள் அடுக்கி வைக்கும் பெரிய முற்றம் ஒன்று வைத்திருந்தான். களவு தொடங்கியதும் எங்களிடம் இரண்டு நாய்கள் எடுத்தான். கஸ்தோர் என்ற கிழட்டு ஆண் நாய், லூன் என்ற இளம் பெண் நாய். இரண்டும் அந்த முற்றத்திலேயே தங்கும், இரவில் சுற்றி வரும், எங்கள் பெட்டிகளில் படுக்கும். நான் காலையில் வண்டியில் போய்ச் சாப்பாடு வைத்து, படுக்கை பார்த்து வருவேன்.

ரவியின் தகப்பனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. பியர்பொன்ட்ஸில் இருந்த வீட்டிலிருந்து மகனோடு காரில் தொற்றிக்கொண்டு தினமும் முற்றத்துக்கு வந்துவிடுவார். ஐயா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். காவல் நாயைத் தடவக் கூடாது, கையால் தீன் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். ஐயாவிடம் சொன்னேன்.

"வைரவற்றை வாகனமெல்லோ பிள்ளை? அதுக்குக் குடுக்காமல் நான் திண்டால் செமிக்குமோ?" என்றார்.

சனிக்கிழமைகளில் வடை வரும். கஸ்தோர் என்ற பெயர் அவர் வாயில் கஸ்தூரி ஆயிற்று. "டேய் கஸ்தூரி, இஞ்சை வா, இப்பிடி இரு" என்பார். பிரெஞ்சு தவிர எதற்கும் அசையாத நாய் உட்கார்ந்துவிடும். ரெமி அதை ஒருமுறை பார்த்தார். வாயில் கையுறை இருந்தது.

ஐயா கெட்டிக்காரர். ரெமி கையை விட்டுப் பார்ப்பதைக் கண்டுவிட்டுத் தானும் அப்படியே பார்க்கத் தொடங்கினார். நான் வருமுன்னமே சொல்லிவிடுவார், "வைக்கல் நனைஞ்சு போச்சு பிள்ளை, மாத்த வேணும்" என்று. அந்த ஒரு முற்றத்தைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை.

பிறகு ஐயா வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தார். வந்த வருத்தம் திரும்பிப் போகிற வருத்தம் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடக்க மாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவிதான் பார்த்தா. பனி விழத் தொடங்கியபோது போய்விட்டார். செத்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாவை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். மெலிந்த, நிமிர்ந்த மனுசி. அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீர்தானே நாய்க்காரப் பிள்ளை? கஸ்தூரி சாப்பிடுதோ?" என்று கேட்டா. சாப்பிடுகிறான் என்றேன். பொய். வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. செத்தவர் படுத்த பாய், தலையணை, போர்வையை வீட்டில் வைத்திருப்பதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு முன் அப்புறப்படுத்திவிட வேண்டும். ஊரில் அதற்கு வழி இருந்தது. பியர்பொன்ட்ஸில் என்ன வழி? எரிக்க முடியாது. குப்பை வண்டிக்குத் தெருவில் வைக்கலாம்தான், பிள்ளைகள் அப்படித்தான் சொன்னார்களாம். அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. புருசன் கடைசியாகப் போர்த்திய போர்வையைக் கறுத்தப் பைக்குள் கட்டித் தெருவோரம் வைப்பதா? ஆர்தான் வைப்பார்? அவ யோசித்துப் பார்த்து ஒரு நல்ல வழி கண்டுபிடித்தா. அந்தியேட்டிக்கு முதல் நாள் ரவியையும் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தா. அதுவரை அவ அந்தப் பக்கமே வந்ததில்லை.

அவ பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாவாம். உள்ளே வைக்கோல். "நாயென்ன மாடோ, வைக்கலிலை படுக்க? அவர் வளத்த நாயை இப்பிடியோ வைச்சிருக்கிறாங்கள்?" என்று கேட்டாவாம். ரவிக்கு உதிரிப்பாகம் தெரியும், நாய் தெரியாது. இரண்டு பேருமாக வைக்கோலை வாரி வெளியே போட்டுவிட்டு, ஐயாவின் தடித்த பஞ்சுப் போர்வையை மடித்துக் கஸ்தோரின் பெட்டியில் விரித்தார்கள். அவருடைய தலையணையையும் கம்பளிச் சால்வையையும் லூனின் பெட்டியில் வைத்தார்கள். அம்மா கும்பிட்டுவிட்டுப் போனா.

நான் அன்று காலையிலேயே வந்து போயிருந்தேன். அடுத்த நாள் விடிய உறைமழை தொடங்கிவிட்டது. மழையாக விழுந்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிற மழை. மரங்கள் முறிந்தன, மின்கம்பிகள் அறுந்தன, தெருவில் கால் வைக்க முடியவில்லை, வண்டியைக் கிளப்பினால் அது தன்பாட்டில் பக்கவாட்டில் போனது. ரெமி மணிக்கொருதரம் தொலைபேசியில் அழைத்தார். "நல்ல வைக்கோல்தானே போட்டாய்?" "போட்டேன் முசியே. நிறையப் போட்டேன்." "அப்படியானால் தாங்கும்." இரண்டு பேருக்கும் அதுதான் ஆறுதல். ரவி மட்டும் ஒருமுறை எப்படியோ போய் வேலிக்கு மேலால் தீன் எறிந்துவிட்டு வந்தானாம். இரண்டு நாய்களும் ஓடி வந்து தின்றனவாம், தெப்பமாக நனைந்திருந்தனவாம். அதன்பிறகு மழை நின்றது. வானம் வெளித்தது. அந்த இரவு, வருடத்துக்கே பெரிய குளிர் இறங்கியது.

விடிந்ததும் நானும் ரெமியும் போனோம். வெளியே பனிக்கட்டிக்குள் அகப்பட்டு வைக்கோல் கிடந்தது. நான் போட்ட வைக்கோல். ரெமி ஓடினார், அந்தப் பெரிய உடம்போடு. லூன் உயிரோடு இருந்தாள். நடுங்கக்கூட முடியாமல் சால்வையில் ஒட்டிக் கிடந்தாள். சால்வையோடு சேர்த்துத்தான் தூக்கி வண்டியின் சூட்டுக்குள் வைத்தோம். கஸ்தோர் சுருண்டு படுத்தபடி போயிருந்தான். ரெமி முழங்காலில் இருந்து, கையுறையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். போர்வை அசையவில்லை. தட்டினார். பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் ரவியின் கார் வந்தது. தாயும் கூட வந்தா. கையில் இன்னொரு போர்வை, புதிது, கடைப் பை இன்னும் கழற்றவில்லை. "இரவு சரியான குளிர், அதுதான் இன்னொண்டு கொண்டந்தனான்" என்று சொல்லிக்கொண்டே வந்தவ, ரெமியைக் கண்டு நின்றா. பிறகு பெட்டிக்குள் பார்த்தா.

"ஐயோ ராசா" என்றா. அவ்வளவுதான். புருசனுக்கு அழாத கண்ணீர் அந்த நாய்க்கு வந்தது.

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கிழட்டு நாய், அம்மா. வயசு போட்டுது. ஐயாவைத் தேடித்தான் போயிருக்கிறான்" என்றேன். ஆருக்கும் அப்படித்தானே சொல்ல வரும்? அவ கண்ணைத் துடைத்தா. தலையை ஆட்டினா. "ஓம், அவரிட்டைப் போட்டுது. அப்ப இதை மற்றதுக்குப் போடுவம்" என்று சொல்லிக் கடைப் பையைக் கிழித்து, புதுப் போர்வையை லூனின் பெட்டிக்குள் விரிக்கத் தொடங்கினா.

ரெமி எழுந்தார். கையுறையைப் பல்லில் கவ்வவில்லை, சட்டைப் பைக்குள் வைத்தார். "அவர்களிடம் சொல்" என்றார் பிரெஞ்சில்.

"முசியே, அது செத்துப்போன புருசனின் போர்வை."

"தெரிகிறது. சொல். அவர்கள் நாளைக்கும் விரிப்பார்கள். அடுத்த நாய்க்கும் விரிப்பார்கள்."

"நாய்களைக் கொண்டுபோய்விடுவோம். ஒன்றும் சொல்லாமல் போய்விடுவோம்."

"அவர்கள் வேறு இடத்தில் நாய் எடுப்பார்கள்" என்றார். அந்த மனுசன் சொன்னது முழுக்கச் சரி. இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

நான் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் முழந்தாளிட்டேன். விரித்துக்கொண்டிருந்த கையைப் பிடித்தேன்.

"அம்மா, போர்வை போடக் கூடாது. துணி ஈரத்தைக் குடிக்கும். நனைஞ்ச நாய் அதிலை படுத்தால் காயாது. குளிர் வந்த உடனை அது உறைஞ்சு போகும். கஸ்தூரி வயசிலை சாகேல்லை. போர்வையாலைதான் செத்தவன்."

ரவி, "அக்கா!" என்று கத்தினான். "என்ன கதைக்கிறியள் நீங்கள்?"

அம்மா அவனைக் கையால் அமர்த்தினா. எழுந்து போய்க் கஸ்தோருக்குக் கீழே கிடந்த போர்வையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தா. நகத்தால் சுரண்டிப் பார்த்தா.

"போர்வை சூடெல்லோ பிள்ளை?"

"காய்ஞ்சு கிடந்தால் சூடு அம்மா. ஈரமெண்டால் அதுதான் குளிர்."

அவ என்னிடமல்ல, பெட்டியிடம் சொல்வதுபோலச் சொன்னா. "இவர் கடைசியிலை குளிருது குளிருது எண்டுதான் கிடந்தவர். நான் இதைத்தான் போர்த்தனான். வேர்த்து வேர்த்து ஊத்தும். நனைஞ்சு போய்க் கிடக்கும். பேந்தும் குளிருது எண்டுவார். நான் அதுக்கு மேலை இன்னொண்டு போர்ப்பன்." என் முகத்துக்கு நேரே திரும்பினா. "அப்ப அவரையும் நான்தான் குளிர வைச்சனானோ?"

இல்லை அம்மா, வீட்டுக்குள் அப்படியில்லை, ஹீட்டர் இருக்கும், மனுசருக்கும் நாய்க்கும் வித்தியாசம், அது வருத்தத்தின் குளிர் என்று நான் அடுக்கினேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. ரெமி ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா புதுப் போர்வையை எடுத்து ஒழுங்காக மடித்து, கடைப் பைக்குள் வைத்து, அதை மார்போடு பிடித்துக்கொண்டு காருக்குப் போய்விட்டா.

லூன் பிழைத்தாள். ஒரு காதின் நுனி குளிரில் கருகி விழுந்தது, மற்றபடி பழுதில்லை. சரியான இடத்தில் சரியானதைச் சொல்லி ஓர் உயிரைக் காப்பாற்றினேன் என்று யாரும் என்னை மெச்சலாம். ரவி இனி நாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கமெரா பூட்டினான். அவனுக்கு என்மேல் கோபம். நியாயம்தானே.

மாசி மாதம் அவனே என்னை அழைத்தான். "அக்கா, அம்மா போர்வை போர்க்கிறா இல்லை. ஹீட்டரையும் நிப்பாட்டி விடுறா. வெறும் சீலையோடை கட்டிலிலை கிடக்கிறா. டொக்டர் சொல்லிப் பாத்திட்டார், நாங்கள் சொல்லிப் பாத்திட்டம். நீங்கள் சொல்லித்தானே தொடங்கினது, நீங்களே வந்து சொல்லுங்கோ."

போனேன். பேருந்து மாறிப் பேருந்து மாறிப் போனேன். கையில் நல்ல கம்பளிப் போர்வை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். படுக்கை தெரிவது என் தொழில், தொட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். அம்மா அன்பாகத்தான் இருந்தா. தேத்தண்ணி ஊற்றித் தந்தா. கஸ்தூரியை எங்கே தாட்டுப் புதைத்தீர்கள், லூன் சாப்பிடுகிறாளா என்று கேட்டா. அவ அறை பனிப்பெட்டி போலிருந்தது. கட்டிலில் மெத்தைமேல் ஒரு விரிப்பு, வேறொன்றும் இல்லை.

நான் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். ஈரம் என்ன செய்யும், காய்ந்த துணி என்ன செய்யும், நோயாளிக்கு வருகிற குளிர் எந்தப் போர்வையாலும் வருவதில்லை, எந்தப் போர்வையாலும் போவதில்லை. அழுதும் சொன்னேன். நான் கொண்டுபோன போர்வையை அவவின் மடியில் விரித்தேன். அவ முழுவதையும் பொறுமையாகக் கேட்டா. பிறகு போர்வையை எடுத்து, மூலைக்கு மூலை பொருத்தி மடித்து, அலுமாரியின் மேல் வைத்தா. என் கன்னத்தைத் தடவினா.

"உமக்கு நாயளைப் பற்றித்தானே தெரியும் பிள்ளை" என்றா.

நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு குளிர்காலம் வேலை செய்தேன். போன தைப்பொங்கலுக்குக் கோயிலில் ரவியைக் கண்டேன். அம்மா எப்படி என்று கேட்டேன்.

"அப்பிடித்தான் அக்கா" என்றான். "இப்பவும் அப்பிடித்தான் படுக்கிறா."